பன்னிரண்டு தந்தி கிட்டாரைக் கையால் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு தந்தி கிட்டார் செய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். அடிப்படையில் தொடங்கிப் போகப் போகச் சிக்கலாகும். ஒரு இடத்தில் சொன்னதை இன்னொரு இடத்தில் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. பன்னிரண்டு தந்தின்னா பன்னிரண்டு வேற வேற சுருதியா?

இல்லை. ஆறு ஜோடிகள். விரல் வைப்பதும் மீட்டுவதும் ஆறு தந்தி கிட்டார் போலத்தான். மெல்லிய இரண்டு ஜோடிகளில் (மேல் இ, பி) இரண்டு தந்திகளும் ஒரே சுருதி. மற்ற நான்கு ஜோடிகளில் (ஜி, டி, ஏ, கீழ் இ) ஒன்று வழக்கமான சுருதியிலும் மற்றது அதற்கு ஒரு ஸ்தாயி மேலேயும் இருக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கிட்டாரிலேயே மிக உயர்ந்த சுருதி மேல் இ தந்தியில் இல்லை, ஜி ஜோடியின் மேல் ஸ்தாயித் தந்தியில் இருக்கிறது. மேல் இ விநாடிக்குச் சுமார் 330 அதிர்வு, அந்த ஜி 392 அதிர்வு. இந்த ஒரு தந்தி பின்னால் நிறைய தொல்லை கொடுக்கும். 15-ஆம் கேள்வியில் அதற்கு வருகிறேன்.

2. நான் கிட்டாரே செஞ்சதில்ல. நேரா இதுலயே ஆரம்பிக்கலாமா?

செய்யலாம், ஆனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முதலில் ஒரு ஆறு தந்தி கிட்டார் செய்யுங்கள். மரம் வளைப்பது, பிரேஸ் (பலகையின் உட்புறம் ஒட்டும் தாங்கு கட்டை) ஒட்டுவது, நெக் (கழுத்து) கோணம் பிடிப்பது எல்லாம் இரண்டுக்கும் பொது. ஆறு தந்தியில் அரை மில்லிமீட்டர் தவறு மன்னிக்கப்படும். பன்னிரண்டில் அதே தவறு இழுவிசையால் பெருகி ஆறு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும்.

மாலை நேரங்களில் மட்டும் வேலை செய்தால் முதல் கிட்டாருக்கு 150 முதல் 200 மணி நேரம் ஒதுக்குங்கள். வாங்கிய அச்சுகளும் வளைத்த பலகைகளும் கையில் இருந்தால் குறையும்.

3. ஆறு தந்தி பிளானையே வச்சு, தலையை மட்டும் பெருசாக்கி, தந்தி முறுக்குற ஆறு சாவி கூடப் போட்டா போதாதா?

போதாது. சாதாரண லைட் செட் (மெல்லிய தந்திகள்) போட்ட ஆறு தந்தி கிட்டாரில் மொத்த இழுவிசை ஏறக்குறைய 73 கிலோ. 0.010 அங்குலத்தில் தொடங்கும் லைட் செட்டை முழுச் சுருதியில் ஏற்றிய பன்னிரண்டு தந்தியில் அது 110 கிலோவைத் தாண்டும். அதாவது பாதிக்கும் மேல் அதிகம், அதுவும் இரவும் பகலும் இடைவிடாமல்.

நேரான இழுப்பு மட்டும் இல்லை. தந்தி டாப் பலகைக்கு (கிட்டாரின் முகப்பு) மேலே 12 மி.மீ உயரத்தில் சேடிலில் (பிரிட்ஜில் பதித்த பட்டை) ஏறி நிற்கிறது. அந்த உயரம் ஒரு நெம்புகோல். தந்திகள் மாட்டும் கட்டையான பிரிட்ஜின் பின்பக்கம் மேலே தூக்கப்படுகிறது, முன்பக்கம் கீழே அழுத்தப்படுகிறது. டாப், பிரேஸ், பிரிட்ஜ் அடித்தட்டு (பிரிட்ஜுக்கு நேர்கீழே டாப்பின் உட்புறம் ஒட்டும் பலகை), நெக் ஆகிய நான்கும் இந்தத் திருகலைத் தாங்கும்படி மறுபடி யோசிக்கப்பட வேண்டும்.

4. எந்த மரம் எடுக்கட்டும்? விலை கூடுனதுதான் நல்லா ஒலிக்குமா?

டாப்புக்கு ஸ்ப்ரூஸ், குறிப்பாக சிட்கா ஸ்ப்ரூஸ். எடையோடு ஒப்பிட்டால் இவ்வளவு விறைப்பான மரம் எளிதில் கிடைப்பதில்லை. சீடர் இனிமையானது. ஆனால் மென்மையானது, எளிதில் பிளக்கும், முதல் பன்னிரண்டு தந்திக்கு வேண்டாம். ரேகைகள் ஓரத்தில் பார்க்கும்போது செங்குத்தாக நிற்கும் பலகையாகத் தேர்ந்தெடுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட அது முக்கியம்.

முதுகுக்கும் பக்கங்களுக்கும் மஹோகனியோ ஈட்டியோ (ரோஸ்வுட்). மஹோகனி இலேசானது. ஒலி தெளிவாகப் பிரிந்து கேட்கும், பன்னிரண்டு தந்திகளின் நெரிசலில் அது உதவி. ஈட்டி கனமானது, ஒலி நீளமாக நிற்கும். என் கை மஹோகனிக்குத்தான் போகும். ஈட்டி உள்ளிட்ட பெரும்பாலான டால்பெர்ஜியா இன மரங்கள் 2017 ஜனவரி முதல் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு வந்தது. பலகையாக எல்லை தாண்டிக் கொண்டுபோகக் காகிதம் வேண்டும்.

5. மரம் வந்துடுச்சு. உடனே வேலையை ஆரம்பிச்சுடலாமா?

பொறுங்கள். மரம் ரேகையின் நீளவாட்டில் அசையாது, குறுக்குவாட்டில்தான் விரியும், சுருங்கும். 40 செ.மீ அகல டாப்பின் குறுக்கே பிரேஸ் ஒட்டிவிட்டு, பிறகு காற்று காய்ந்தால் பலகை சுருங்கப் பார்க்கும், பிரேஸ் விடாது, பலகை பிளக்கும். ஈரக் காற்றில் ஒட்டப்பட்ட கிட்டார்கள்தான் இப்படிப் பிளக்கின்றன.

பலகைகளுக்கு இடையே குச்சி வைத்து அடுக்கி, வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை போட்டுக் குறித்துவையுங்கள். எடை மாறாமல் நின்றால் மரம் அந்த அறையோடு சமாதானமாகிவிட்டது என்று பொருள். பிரேஸ் ஒட்டும் நாட்களில் அறையின் ஈரப்பதம் 45 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். மழை நாளில் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

6. இவ்வளவு இழுவிசைன்னு சொல்றீங்க, பயமா இருக்கு. டாப்பை 4 மில்லிமீட்டராவே விட்டுடட்டுமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கேட்பவரின் பயம் எனக்குப் புரியும். என் முதல் பன்னிரண்டு தந்திக்கு நானும் 3.6 மி.மீ விட்டேன். பிரேஸ்களையும் உயரமாக வைத்தேன். இன்றுவரை அந்த டாப் ஒரு மயிரிழைகூட எழும்பவில்லை, ஒலியும் எழும்பவில்லை. பெட்டியைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அதன்மேல் தந்தியின் கணகணப்பு. அதற்கு அடுத்ததை 3 மி.மீட்டரில் செய்தபோதுதான் இந்த வாத்தியம் எதற்காக இருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது.

கணக்கு எளிது. பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். ஆறு தந்திக்கு 2.7 மி.மீ என்றால், அதை 3.0 ஆக்குவதாலேயே விறைப்பு 37 சதவீதம் கூடிவிடுகிறது. 4 மி.மீட்டரில் மூன்று மடங்குக்கும் மேல். கூடிய இழுவிசைக்குத் தேவையானது சுமார் ஒன்றரை மடங்குதான். ஆகவே நல்ல விறைப்பான சிட்காவுக்கு 3.0 போதும். பலகையைக் கையில் பிடித்துக் குறுக்கே வளைத்துப் பாருங்கள், தளதளவென்று இருந்தால் 3.2.

பிரேஸுக்கும் இதே விதி. அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரட்டிக்கும், எடையும் இரட்டிக்கும். உயரத்தைப் பத்து சதவீதம் கூட்டினாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். எனவே அகலத்தை 8 மி.மீட்டரில் நிறுத்தி உயரத்தில் விளையாடுங்கள். எக்ஸ் பிரேஸ் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் 16, 17 மி.மீ உயரம் வையுங்கள். ஆறு தந்தியில் அழகாகச் செதுக்கும் அந்த ஆழமான குழிவுகள் இங்கே வேண்டாம், ஓரத்தை நோக்கி நேராகச் சரியவிடுங்கள். எக்ஸின் இணைப்பு இறுக்கமாக இருக்கட்டும், மேலே திறந்திருக்கும் வெட்டுக்கு ஒரு ஸ்ப்ரூஸ் துண்டை மூடிபோல ஒட்டுங்கள். டாப் தொய்ந்த கிட்டார்களைத் திறந்து பார்த்தால் குற்றம் பெரும்பாலும் இந்த ஒரு இணைப்பில் இருக்கும். பிரேஸ் கட்டைகளை ரம்பத்தால் அறுக்காமல் உளியால் பிளந்து எடுத்தால் ரேகை கட்டையோடு ஓடும், எங்கேயும் வெளியே வழுகாது.

7. பக்கப் பலகை வளைக்கும்போது இடுப்புல முறிஞ்சிடுது. என்ன தப்பு?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று: பலகை கனம், அல்லது அவசரம். 2 மி.மீட்டருக்கு இழையுங்கள். முரண்டு பிடிக்கும் மரமென்றால் இடுப்பில் மட்டும் 1.8 போகலாம். சூடான குழாயின்மேல் ஒரு சொட்டு நீர் விழுந்தால் அது சீறி உருண்டோட வேண்டும், அந்தச் சூடு போதும். பலகையை இலேசாக நனைத்து, அழுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். சட்டென்று ஒரு கணத்தில் மரம் தளரும், கை அதை உணரும். அதற்கு முன்னால் பலத்தைக் காட்டினால்தான் முறிகிறது. இடுப்பை முதலில் வளைத்துவிட்டு மற்ற வளைவுகளுக்குப் போங்கள்.

8. தச்சு வேலைக்குப் போடுற வெள்ளைப் பசையே போதுமா?

பிரிட்ஜுக்கும் பிரேஸுக்கும் வேண்டாம். அந்தப் பசை பிடிப்பில் குறைந்ததில்லை. ஆனால் ஓயாத இழுப்பிலும் வெப்பத்திலும் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மதியம் போதும், பிரிட்ஜ் வழுகிவிடும். கருவி செய்வோர் பயன்படுத்தும் மஞ்சள் மரப்பசை நல்லது. பழகிக்கொள்ளப் பொறுமை இருந்தால் சூடாக்கிப் பூசும் விலங்குப் பசை அதைவிட நல்லது, காய்ந்தபின் கண்ணாடிபோல் இறுகும், நகராது. ஆனால் ஆறுவதற்குள் கிளாம்ப் போட்டாக வேண்டும், ஒரு நிமிடம்கூடக் கையில் இருக்காது.

9. நெக்குக்கு ட்ரஸ் ராட் ஒண்ணா ரெண்டா? அகலம் எவ்வளவு?

இருபுறமும் திருப்பக்கூடிய நல்ல ட்ரஸ் ராட் (நெக்கின் உள்ளே ஓடி அதன் வளைவைத் திருத்தும் உலோகக் கம்பி) ஒன்று போதும். அதன் இரு பக்கமும் கார்பன் ஃபைபர் பட்டை ஒவ்வொன்று பதித்தால் நிம்மதி. நட் (தலைக்குக் கீழே தந்திகள் தங்கும் பள்ளமிட்ட துண்டு) இருக்கும் இடத்தில் அகலம் 48 மி.மீ. ஆறு தந்தியில் இது 43, 44 தான்.

தலைப்பகுதி 20 செ.மீட்டரைத் தாண்டி நீளும், பன்னிரண்டு சாவிகளின் எடை வேறு. இலேசான சாவிகளாக எடுங்கள், இல்லாவிட்டால் நெக் எப்போதும் தரையைப் பார்த்துச் சாயும். தலை நெக்கோடு சேரும் இடத்தில் பின்புறம் சிறு மேடு விட்டுச் செதுக்குங்கள், கிட்டார் கீழே விழுந்தால் முறிவது அங்கேதான். உடலோடு நெக்கைப் போல்ட் போட்டு இணைப்பதைப் பரிந்துரைக்கிறேன். பத்து, பதினைந்து ஆண்டில் நெக் கோணத்தைத் திருத்தவேண்டி வரும் வாய்ப்பு பன்னிரண்டு தந்தியில் அதிகம். அன்று பசையை ஆவியால் இளக்குவதைவிடப் போல்டைக் கழற்றுவது எளிது.

10. ஃப்ரெட் இடத்தை எப்படி அளக்கறது?

தந்தி நீளத்தை (நட்டிலிருந்து சேடில் வரை) 17.817-ஆல் வகுத்தால் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி). மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. 645 மி.மீ நீளத்துக்கு முதல் ஃப்ரெட் 36.20, இரண்டாவது அங்கிருந்து 34.17. பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 322.5-இல் விழவேண்டும், அதுதான் சரிபார்ப்பு. குறிக்கும்போது ஃப்ரெட்டிலிருந்து ஃப்ரெட்டுக்கு அளக்காதீர்கள். எல்லாவற்றையும் கூட்டி நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள், அப்போது சிறு பிழைகள் சேராது.

11. நட்டுல ஜோடிக்குள்ள எவ்வளவு இடைவெளி விடணும்? நெருங்கினா அடிச்சுக்குது, விலகினா ரெண்டும் விரலுக்கு அகப்பட மாட்டேங்குது.

பன்னிரண்டு தந்தி கிட்டார் வாசிக்கச் சுகமாக இருக்குமா இல்லையா என்பதை இந்த ஐந்து செ.மீ எலும்புத்துண்டுதான் முடிவு செய்கிறது. இதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள்.

48 மி.மீ நட்டில் இரு ஓரமும் 3 மி.மீ விட்டால் மீதி 42. ஜோடிக்குள் மையத்திலிருந்து மையத்துக்கு 2 மி.மீ என்று வைத்தால் ஜோடிகளின் மையங்கள் 8 மி.மீ இடைவெளியில் விழும். இது தொடக்கக் கணக்கு மட்டுமே. தடித்த கீழ் இ 1.2 மி.மீ, அதன் துணை 0.7. அங்கே 2 மி.மீ வைத்தால் இரண்டுக்கும் நடுவே 1 மி.மீ வெளிதான் மிஞ்சும். மேல் இ ஜோடியில் தந்தி கால் மில்லிமீட்டர், வெளி 1.75. கண்ணுக்கும் விரலுக்கும் தெரிவது மையம் இல்லை, நடுவிலுள்ள வெளிதான். ஆகவே தடித்த ஜோடிக்கு 2.2, மெல்லிய ஜோடிக்கு 1.8 என்று படிப்படியாக மாற்றுங்கள். சேடில் பக்கம் 2.5 முதல் 3 வரை விரியலாம்.

அடுத்தது ஆழம். ஸ்தாயி ஜோடியில் இரு தந்திகளின் அடியையும் ஒரே மட்டத்தில் வைத்தால், மெல்லியதன் முதுகு அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். விரல் தடித்ததில் தங்கிவிடும், மெல்லியது ஒழுங்காக அழுந்தாது. முதுகுகளைச் சமமாக்கினால் மெல்லியது ஃப்ரெட்டைத் தொட நெடுந்தூரம் போய்ச் சுருதி ஏறிவிடும். நட்டில் அடியைச் சமமாகவே வைத்து, சேடிலில் மெல்லியதைக் கொஞ்சம் தூக்குவது என் வழக்கம். பள்ளத்தை அரத்தால் ஒரு இழு இழுத்துவிட்டுத் தந்தியைப் போட்டுப் பாருங்கள். ஆழப்படுத்தலாம், திரும்ப நிரப்ப முடியாது.

12. மேல் ஸ்தாயித் தந்தி எந்தப் பக்கம் வரணும்?

வழக்கப்படி அது ஜோடியில் வாசிப்பவரின் முகத்துக்கு அருகில் உள்ள பக்கம். கீழ்நோக்கி மீட்டும்போது அதுதான் முதலில் ஒலிக்கும், அந்தப் பளபளப்பு அங்கிருந்து வருகிறது. ரிக்கன்பாக்கர் மின்கிட்டார்களில் இது தலைகீழ், தடித்தது முதலில். இரண்டும் சரிதான். நட் வெட்டுவதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டும், அவ்வளவே.

13. பிரிட்ஜ்ல தந்தியைப் பிடிக்கிற பன்னிரண்டு முளையும் (பின்) ஒரே வரிசையில போடலாமா?

கூடாது. ரேகையோடு வரிசையாக பன்னிரண்டு துளை போட்டால் அஞ்சல் தலையைக் கிழிக்கும் ஓட்டை வரிசை மாதிரி ஆகிவிடும். பிரிட்ஜும் அடித்தட்டும் அதன் வழியே பிளக்கும். ஆறு ஆறாக இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று தள்ளி. பின்வரிசைத் தந்திகள் சேடிலில் ஏறும் கோணம் குறைந்துவிடும் என்பதால் அவற்றுக்குப் பிரிட்ஜில் சாய்வான வாய்க்கால் வெட்டிக் கொடுங்கள். அடித்தட்டு மேப்பிளில் 3 மி.மீ. பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் வார்னிஷ் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. மரம் மரத்தோடு ஒட்டவேண்டும்.

இந்தத் திருகலே வேண்டாம் என்றால் பழைய வழி ஒன்று உண்டு. 1930-களிலும் 40-களிலும் பதிவு செய்த அமெரிக்கப் பாடகர் லெட் பெல்லி வாசித்த ஸ்டெல்லா கிட்டாரில் தந்திகள் பிரிட்ஜைத் தாண்டிப்போய் உடலின் வால்முனையில் உள்ள உலோகத் தாங்கியில் மாட்டியிருக்கும். டாப் அழுத்தத்தை மட்டும் தாங்கும். ஒலி சட்டென்று வெடித்துச் சீக்கிரம் அடங்கும். அந்தக் குரல் பிடித்திருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

14. தந்தி திறந்து மீட்டினா ஜோடி சேருது. பன்னிரண்டாம் ஃப்ரெட்ல அழுத்தினா பிரியுது. ஏன்?

அழுத்தும்போது எல்லாத் தந்தியும் கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும். எவ்வளவு ஏறும் என்பது உள்கம்பியின் தடிமனையும் உயரத்தையும் பொறுத்தது. தடித்த தந்தியும் அதன் மெல்லிய துணையும் ஒரே அளவு ஏறாது. ஒரே நேர்கோட்டில் நிற்கும் சேடிலால் இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது.

அகலமான சேடில் வையுங்கள், 5 மி.மீ இருக்கட்டும். ஒவ்வொரு தந்திக்கும் அது உச்சியில் தொடும் புள்ளியைத் தனித்தனியாக அரத்தால் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அழுத்தியது ஏறி ஒலித்தால் புள்ளி பின்னால், இறங்கி ஒலித்தால் முன்னால். இதைச் செய்வதற்கு முன் 11-இல் சொன்ன உயரங்கள் முடிந்திருக்க வேண்டும். உயரம் மாறினால் இந்த வேலை முழுவதும் மறுபடி.

15. அந்த மேல் ஸ்தாயி ஜி அறுந்துக்கிட்டே இருக்கு அண்ணா. கொஞ்சம் தடிப்பா போடவா?

தடிப்பாகப் போட்டால் பயனில்லை. தடித்த தந்தி அதே சுருதிக்கு அதிக இழுவிசை கேட்கும், அதன் குறுக்குப் பரப்பும் அதே விகிதத்தில் கூடும். உலோகத்தின் ஒவ்வொரு இழைக்கும் விழும் பாரம் மாறாது. அந்தப் பாரத்தை முடிவு செய்வது தந்தி நீளமும் சுருதியும் மட்டுமே. இந்த ஜி தந்தி, மேல் இ தாங்குவதைப்போல 1.4 மடங்கு பாரத்தைத் தாங்குகிறது.

எங்கே அறுகிறது என்று பாருங்கள். எப்போதும் ஒரே இடமென்றால், நட் பள்ளத்திலோ சேடிலிலோ சாவியின் துளையிலோ ஒரு கூர்முனை இருக்கிறது, அதை மழுக்குங்கள். இடம் மாறி மாறி அறுந்தால் மருந்து அடுத்த கேள்வியில்.

16. தந்தி எல்லாம் போட்டாச்சு. முழுச் சுருதிக்கு ஏத்திடலாமா?

என் பதில்: ஒரு முழுச் சுரம் இறக்கியே வையுங்கள். கீழ் இ இருக்கவேண்டிய இடத்தில் டி. இழுவிசை சுருதியின் இருமடிப் பெருக்கத்தில் போவதால், இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கினாலே 20 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. 113 கிலோ 90 ஆகிறது. ஜி அறுவது நிற்கும், விரல் வலிக்காது, டாப் மூச்சுவிடும். மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க இரண்டாம் ஃப்ரெட்டில் காப்போ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டினால் வழக்கமான சுருதி. லெட் பெல்லி இதைவிடவும் கீழே வைத்துத்தான் வாசித்தார். இறக்கி வாசிப்பது குறை என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: 6-இல் சொன்ன மெல்லிய டாப்பைத் துணிந்து செய்ய வைப்பது இந்த முடிவுதான். கனமாகச் செய்து முழுச் சுருதியில் ஏற்றிய கிட்டாரைவிட, இலேசாகச் செய்து இறக்கிய கிட்டார் எனக்கு ஒவ்வொரு முறையும் நன்றாக ஒலித்திருக்கிறது.

முதல் நாளே அங்கேயும் போகவேண்டாம். இன்னும் இரண்டு சுரம் தாழ்த்தி இரண்டு நாள் விட்டு, பிறகு ஏற்றுங்கள்.

17. ரெண்டு மாசத்துல பிரிட்ஜுக்குப் பின்னாடி டாப் மேடாயிடுச்சு. போச்சா?

கொஞ்சம் மேடாவது இயல்பு. பிரிட்ஜுக்கு முன்னால் இலேசாகத் தாழ்வதும் இயல்பு. 3-இல் சொன்ன திருகலின் முகம் அது. தந்தி போடுமுன் ஃப்ரெட்களின்மேல் வைத்த நேர்கட்டை பிரிட்ஜின் மேல்பரப்புக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் மேலே போகும்படி நெக் கோணம் வைத்திருந்தால், இந்த எழுச்சிக்கு இடம் விட்டிருக்கிறீர்கள்.

மாதம் ஒருமுறை பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தி உயரத்தை அளந்து எழுதுங்கள். ஏறி நின்றுவிட்டால் கவலையில்லை, ஏறிக்கொண்டே போனால் தந்தியைத் தளர்த்துங்கள். பிரிட்ஜின் பின் ஓரத்தில் ஒரு தாள் நுழைந்தால் அன்றே தளர்த்துங்கள். டாப்பை விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள், எங்காவது சலசலத்தால் அங்கே பிரேஸ் விட்டிருக்கிறது. ஒலித்துளை வழியே சிறு கண்ணாடியும் விளக்கும் விட்டுப் பாருங்கள்.

18. டியூனர் எல்லாத் தந்திக்கும் பச்சை காட்டுது. ஆனாலும் ஜோடி சேர்ந்து ஒலிக்கும்போது அலையடிக்குது.

அது விம்மல். ஒரே சுருதியில் இருக்கவேண்டிய இரு தந்திகளுக்கு இடையே விநாடிக்கு ஒரு அதிர்வு வித்தியாசம் இருந்தால், ஒலி விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். மேல் இ-யில் ஒரு அதிர்வு என்பது ஐந்து சென்ட். சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. பல டியூனர்கள் இரண்டு, மூன்று சென்ட் விலகலுக்கும் பச்சை காட்டிவிடும். உங்கள் காது அதைவிட நுட்பமானது.

ஜோடியில் ஒன்றை விரலால் அடக்கி, மற்றதை மட்டும் டியூனரில் சேருங்கள். தடித்ததை முதலில். பிறகு டியூனரை மறந்துவிட்டு இரண்டையும் சேர்த்து மீட்டி, விம்மல் மெதுவாகி நிற்கும்வரை துணைத் தந்தியைக் காதால் சேருங்கள். கீழிருந்து மேலே ஏற்றியே சேருங்கள். இறக்கிச் சேர்த்தால் நட்டில் சிக்கிய தந்தி சிறிது நேரத்தில் நழுவும். பன்னிரண்டும் முடித்தபின் முதல் ஜோடிக்குத் திரும்புங்கள். டாப் புதிய பாரத்துக்கு அமர்ந்ததில் அது சற்றே இறங்கியிருக்கும். மிகமிக மெதுவான ஒரு அசைவு மிஞ்சினால் விட்டுவிடுங்கள், இந்தக் கிட்டாரின் மினுமினுப்பு அதில்தான் இருக்கிறது. திறந்து மீட்டும்போது அடங்கிய விம்மல் ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தியதும் வேகமாகத் திரும்பி வந்தால் மட்டும் சாவியைத் தொடாதீர்கள். அரத்தை எடுத்துக்கொண்டு 14-க்குப் போங்கள்.